பெப்டைடு பானமும் இன்சுலின் ஊசியும்: பெயர் ஒன்று, பொருள் வேறு

ஞாயிற்றுக்கிழமை காலை. தோட்டம் மூடப்பட்ட பிறகு வெளியேறிய நம்மவர்கள் குடியிருக்கும் ஒரு தாமானின் பொது மண்டபம். ஐம்பது நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நேரடி விற்பனைக் குழு ஒன்று அங்கே ஒரு பெப்டைடு பானத்தை அறிமுகப்படுத்தியது. "என்சைம் தொழில்நுட்பம்", "நானோ வடிகட்டல்" என்ற சொற்கள் திரையில் ஓடின. ஒரு பெட்டியின் விலை நூறு வெள்ளிக்கு மேல்.

கேள்வி நேரத்தில் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா எழுந்தார். "தம்பி, எனக்கு இனிப்பு நீர். தினமும் இன்சுலின் போட்டுக்கிறேன். இதைக் குடிச்சா ஊசிய நிறுத்திடலாமா?"

விற்பனையாளர் புன்னகையுடன் சொன்னார்: "இன்சுலினும் பெப்டைடுதாம்மா, இதுவும் பெப்டைடுதான். ஒரு மாசம் குடிச்சுப் பாருங்க. அப்புறம் நீங்களே சொல்வீங்க."

அந்தப் பதிலில் பொய் என்று தனியாகப் பிடித்துக் காட்டக்கூடிய வார்த்தை எதுவும் இல்லை. இன்சுலின் ஒரு பெப்டைடு என்பது உண்மை. அந்தப் பானத்தில் பெப்டைடு இருக்கிறது என்பதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் இரண்டு உண்மைகளை அருகருகே வைத்து, அந்த அம்மாவின் மனதில் மூன்றாவதாக ஒரு பொய்யை விதைத்துவிட்டார்கள். ஊசியை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நிறுத்த வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

இது ஒரு மண்டபத்தோடு முடிகிற கதை அல்ல. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அதாவது நம்மில் ஏறக்குறைய மூவரில் ஒருவர். இப்படிப்பட்ட சமூகத்தில் "பெப்டைடு" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று தெரிந்து வைத்திருப்பது படித்தவர்களின் பொழுதுபோக்கு அல்ல. கால் விரலையும் கண்ணையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றிக்கொள்ளும் விஷயம்.

பெப்டைடு என்றால் என்ன?

பூக்காரர் சரம் கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். நம் உடலின் புரதங்கள் 20 வகை அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சரங்கள். சரம் நீளமாக இருந்தால் அதைப் புரதம் என்கிறோம். குட்டையாக இருந்தால் பெப்டைடு. அவ்வளவுதான்.

இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் இருக்கின்றன. 21 கொண்ட ஒரு சரமும், 30 கொண்ட இன்னொரு சரமும் பிணைந்திருக்கும். எந்த இடத்தில் எந்த அமினோ அமிலம் வர வேண்டும் என்ற வரிசைதான் இன்சுலினை இன்சுலின் ஆக்குகிறது. வரிசை மாறினால் வேலையும் மாறிவிடும். ஆகவே, "இதுவும் பெப்டைடு, அதுவும் பெப்டைடு" என்று சொல்வது, "இதுவும் சாவி, அதுவும் சாவி" என்று சொல்வதைப் போன்றது. பக்கத்து வீட்டுச் சாவி நம் வீட்டுக் கதவைத் திறக்காது.

பப்பாளிக் காயில் ஒரு கத்தரி

பெப்டைடு தயாரிப்பில் இரண்டு வேலைகள் முக்கியம். ஒன்று வெட்டுவது, மற்றது வடிகட்டுவது. இரண்டும் நமக்குப் பழகியவைதான்.

ஆட்டிறைச்சி முற்றலாக இருந்தால் நம் பாட்டிமார் குழம்பில் ஒரு துண்டு பப்பாளிக் காயைப் போடுவார்கள். இறைச்சி பஞ்சு போல் வெந்துவிடும். காயின் பாலில் இருக்கும் பப்பைன் என்ற நொதி, அதாவது என்சைம், இறைச்சியின் நீளமான புரதச் சரங்களைத் துண்டு துண்டாக வெட்டுவதே அதற்குக் காரணம். அந்தப் பாலை எடுக்கும் முறையும் தோட்டத்து மக்களுக்குப் புதிதல்ல. பால்மரம் சீவுவது போலவே பச்சைக் காயின் தோலைக் கீறி, வடியும் பாலைச் சேர்த்து உலர்த்துவார்கள்.

இதில் ஒரு சுவையான தொடர்பு உண்டு. இந்தியாவின் பெங்களூருவில் 1978-இல் கிரண் மஜும்தார் ஷா தொடங்கிய பயோகான் நிறுவனம், முதலில் செய்த பொருள்களில் ஒன்று இந்தப் பப்பாளி நொதிதான். நொதி செய்யத் தொடங்கிய அதே நிறுவனம் பிறகு இன்சுலினுக்கு வந்தது. இன்று அதன் இன்சுலின் தொழிற்சாலை ஒன்று நம் ஜொகூரில், இஸ்கண்டார் புத்ரியில் இயங்குகிறது.

இன்சுலின் தயாரிப்பிலும் நொதிதான் கத்தரி. ஆனால் பப்பைனைப் போல் கண்ட இடத்தில் வெட்டும் கத்தரி அல்ல. ஈஸ்ட் அல்லது பாக்டீரியாவுக்குள் மனித இன்சுலினுக்குரிய மரபணுக் கட்டளையைச் செலுத்தி, பெரிய எஃகுத் தொட்டிகளில் வளர்க்கிறார்கள். அவை தருவது நேராக இன்சுலின் அல்ல. கூடுதல் வால் ஒட்டியிருக்கும் ஒரு முன்னோடிச் சரம். டிரிப்சின் என்ற நொதி, சரத்தில் குறிப்பிட்ட அமினோ அமிலங்கள் வரும் இடத்தில் மட்டும் வெட்டும். அந்த வெட்டுக்குப் பிறகே நடுவில் இருந்த தேவையற்ற பகுதி கழன்று இன்சுலின் உருவாகிறது. நம் கணையத்துக்குள்ளும் இப்படித்தான் நடக்கிறது. 86 அமினோ அமிலங்கள் கொண்ட முன்னோடியை உடலின் நொதிகள் வெட்டி 51 கொண்ட இன்சுலினாக மாற்றுகின்றன.

முன்பு நிலைமை வேறு. 1982-இல் மரபணு முறையில் செய்த முதல் மனித இன்சுலினுக்கு அமெரிக்கா அனுமதி தரும் வரை, உலகம் மாட்டின் கணையத்தையும் பன்றியின் கணையத்தையும் நம்பித்தான் இருந்தது. சுமார் 8 அவுன்ஸ் இன்சுலின் எடுக்க இரண்டு டன்னுக்கு மேல் பன்றி உறுப்புகள் தேவைப்பட்டன. நம் பெரியவர்களில் சிலர் "மாட்டு மருந்து" என்று சொல்லி ஊசிக்குத் தயங்கியதற்கு அன்று ஒரு காரணம் இருந்தது. இன்று கிளினிக்கில் கொடுக்கப்படும் மனித இன்சுலின் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ பிரித்தெடுக்கப்படுவதில்லை.

சல்லடையின் வேலை

தோட்டத்து ஸ்டோரில் பாலை ஊற்றும்போது சல்லடை வைத்து ஊற்றுவார்கள். இலையும் மரப்பட்டையும் மேலே நிற்கும். பால் கீழே இறங்கும். பெப்டைடு ஆலையில் அந்தச் சல்லடையின் இடத்தில் இருப்பது சவ்வு. அதன் துளைகள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியவை. பெரிய மூலக்கூறு நிற்கும், சிறியது கடந்து போகும். எந்த அளவு வரை கடக்கலாம் என்பதைச் சவ்வைத் தேர்ந்தெடுப்பதன் மூலம் தீர்மானிக்கிறார்கள்.

நம் குடும்பங்களில் பலருக்கு இந்தச் சவ்வு வேறொரு வழியில் அறிமுகமானது. டயாலிசிஸ் மையத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் அந்த நீண்ட குழாய்க்குள் இருப்பதும் சவ்வுதான். யூரியா போன்ற சிறிய கழிவு அதன் வழியே வெளியேறும். அல்புமின் போன்ற பெரிய புரதம் இரத்தத்திலேயே தங்கும். ஆலையிலும் தத்துவம் அதேதான்.

இன்சுலின் போன்ற மருந்துக்குச் சவ்வு மட்டும் போதாது. ஈஸ்டைப் பிரித்தல், சவ்வில் செறிவாக்குதல், பிறகு குரோமட்டோகிராபி எனப்படும் தூண்களில் செலுத்தி இன்சுலினை மிக நெருக்கமாக ஒத்திருக்கும் தவறான துண்டுகளையும் தனியாக நீக்குதல் என்று பல கட்டங்கள் உண்டு. கடைசியில் பாக்டீரியாகூட நுழைய முடியாத 0.22 மைக்ரான் வடிகட்டி வழியாக அனுப்புகிறார்கள். ஒவ்வொரு தொகுதியும் சோதிக்கப்பட்ட பிறகே வெளியே போகும்.

இவ்வளவு தூய்மை எதற்கு? கனடாவின் டொரோண்டோவில் 1922 ஜனவரி 11 அன்று லெனர்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலில் இன்சுலின் சாறு ஊசியாகப் போடப்பட்டது. மருந்து சரியானதுதான். ஆனால் அதில் அழுக்கு அதிகம். ஒவ்வாமை ஏற்பட்டது, சர்க்கரையும் போதுமான அளவு குறையவில்லை. ஜேம்ஸ் காலிப் என்ற விஞ்ஞானி அதே சாற்றைத் தூய்மைப்படுத்தினார். ஜனவரி 23 அன்று மீண்டும் ஊசி போட்டார்கள். சிறுவன் தேறினான். இரண்டு முறையும் பொருள் ஒன்றுதான். நடுவில் மாறியது தூய்மை மட்டுமே.

பானத்தில் இருப்பது என்ன?

இப்போது மண்டபத்துக்குத் திரும்புவோம். சந்தையில் உள்ள பெப்டைடு பானங்களில் பெரும்பாலானவை கொலாஜன் பெப்டைடு. மாட்டுத் தோல், பன்றித் தோல், மீன் தோல் அல்லது செதில் ஆகியவற்றிலிருந்து கொலாஜன் என்ற பெரிய புரதத்தை எடுத்து, நொதியால் வெட்டி, வடிகட்டி, பொடியாக்குகிறார்கள். அந்த வகையில் "என்சைம்", "சவ்வு" என்று அவர்கள் சொன்னது உண்மைதான். ஆனால் இங்கே நடப்பது பாட்டியின் ஆட்டுக் குழம்பில் நடக்கும் வெட்டு. பல அளவில், பல வரிசையில் துண்டுகள் கலந்திருக்கும். ஒரே வரிசை கொண்ட ஒரே சரத்தை மட்டும் பிரித்தெடுக்கும் இன்சுலின் வேலை அல்ல இது.

கொலாஜன் தீங்கானது என்று நான் சொல்லவில்லை. அது ஒரு உணவுப் புரதம். தோலின் ஈரப்பதம், மீள்தன்மை பற்றிச் சில சிறிய ஆய்வுகள் சாதகமாக வந்துள்ளன. அவற்றில் பலவற்றுக்குப் பணம் கொடுத்தவை அதை விற்கும் தரப்புகளே. புரதம் என்ற வகையிலும் அது முழுமையானது அல்ல. நம் உடலுக்கு அவசியமான டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் அதில் இல்லை. காலையில் சாப்பிடும் ஒரு கோழி முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் முழுமையான புரதம் இருக்கிறது. பெட்டிக்குக் கொடுக்கும் நூறு வெள்ளிக்கு எத்தனை தட்டு முட்டை வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மாட்டிறைச்சி சாப்பிடாத குடும்பங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெட்டியில் "போவின்" என்று இருந்தால் அது மாட்டிலிருந்து வந்தது. அம்மண்டபத்தில் வெள்ளிக்கிழமை விரதம் இருக்கும் பெண்கள் பலர் இருந்தார்கள். மூலப்பொருள் எது என்று ஒருவரும் கேட்கவில்லை, விற்றவர்களும் சொல்லவில்லை.

இன்சுலினை ஏன் குடிக்க முடியாது?

எல்லோருக்கும் எழும் கேள்வி இது. ஊசி வலிக்கிறது, குடித்தால் ஆகாதா?

வயிற்றில் பெப்சின், குடலில் டிரிப்சின் என்று நம் உடலுக்குள்ளேயே கத்தரிகள் காத்திருக்கின்றன. உணவாக வரும் புரதம் எதுவானாலும் வெட்டித் தள்ளுவதே அவற்றின் வேலை. இன்சுலினை விழுங்கினால் அதையும் வெட்டிவிடும். சர்க்கரையைக் குறைக்கும் வரிசை அதோடு போய்விடும். அதனால்தான் நூறு ஆண்டுகள் கடந்தும் இன்சுலின் பெரும்பாலும் ஊசியாகவே இருக்கிறது.

செமாகுளூடைட் என்ற நீரிழிவு மருந்தும் பெப்டைடுதான். அதை மாத்திரையாகக் கொண்டுவந்து 2019-இல் அமெரிக்க அனுமதி பெற்றார்கள். அதற்காக, வயிற்றில் உறிஞ்ச உதவும் தனிப் பொருளைச் சேர்க்க வேண்டியிருந்தது. வெறும் வயிற்றில், அரை கிளாஸ் தண்ணீருக்கு மேல் இல்லாமல் விழுங்கி, அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். அப்படியும் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே இரத்தத்தில் சேர்கிறது. ஒரு பெப்டைடு மருந்தை விழுங்க வைக்க இத்தனை பாடு என்றால், பழச்சாற்றில் கலந்து குடிக்கும் பானம் இன்சுலினுக்கு மாற்றாகும் என்பதை எப்படி நம்புவது?

மெலிய வைக்கும் ஊசிகள்

இப்போது நகரத்து இளைஞர்களிடம் வேறொரு மோகம். எடை குறைக்கும் ஊசி. மேலே சொன்ன செமாகுளூடைட், அதற்குப் பின் வந்த டிர்செபடைட் ஆகிய இரண்டும் உண்மையான மருந்துகள். மருத்துவர் பார்த்துக் கொடுக்க வேண்டியவை. ஆனால் சமூக ஊடகங்களில், "ஆய்வுக்கு மட்டும்" என்று சீட்டு ஒட்டிய பெப்டைடுப் பொடிகள் சிறு குப்பிகளில் விற்கப்படுகின்றன. தண்ணீர் கலந்து தானே குத்திக்கொள்ள வேண்டுமாம்.

பானம் வயிற்றுக்குப் போகிறது. அங்கே உடலுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. ஊசி நேராக உள்ளே போகிறது. சரியான சரமா, எத்தனை தவறான துண்டுகள், கிருமி நீக்கப்பட்டதா, வெயிலில் எத்தனை நாள் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. லெனர்ட் தாம்ப்சனுக்குப் போட்ட முதல் ஊசியின் பாடம் இங்கேதான் நினைவுக்கு வர வேண்டும். போலி செமாகுளூடைட் பற்றி உலகச் சுகாதார நிறுவனம் 2024 ஜூன் மாதத்தில் உலகளாவிய எச்சரிக்கையே விடுத்தது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

மருந்து, பாரம்பரிய மருந்து, சுகாதார ஊட்டப்பொருள் எதுவானாலும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தில் பதிவு செய்யப்பட்டு, எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்க வேண்டும். எண்ணின் இறுதியில் உள்ள எழுத்தையும் பாருங்கள். 'டி' என்றால் பாரம்பரியப் பொருள். 'என்' என்றால் ஊட்டப்பொருள். அந்த எழுத்துகள் இருந்தால் அப்பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று நிரூபிக்கப்பட்டதாகப் பொருள் அல்ல. எண்ணே இல்லாமல் வெறும் உணவாக விற்கப்படும் பானத்துக்கு நோயைப் பற்றிப் பேசும் உரிமையே கிடையாது.

1956-ஆம் ஆண்டு மருந்துகள் (விளம்பரம், விற்பனை) சட்டம், நீரிழிவு உள்ளிட்ட 20 நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. மேடையில் நின்று "சர்க்கரை போயிடும்" என்று சொல்பவர் அச்சட்டத்தோடு விளையாடுகிறார். சுகாதார அமைச்சின் மருந்தக அமலாக்கப் பிரிவிடம் புகார் செய்யலாம்.

விலையையும் யோசியுங்கள். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டணத்தில் மருத்துவரைப் பார்த்து மருந்தும் வாங்கி வருகிறோம். அந்த ஒரு வெள்ளி மருந்தின் மதிப்பு அல்ல. மீதியை மக்களின் வரிப்பணம் கட்டுகிறது. 2016-இல் சுகாதார அமைச்சு ஜொகூர் ஆலையின் இன்சுலினுக்காக வழங்கிய மூன்றாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு மட்டும் 300 மில்லியன் ரிங்கிட். மலிவாகக் கிடைப்பதால் அது மட்டமான மருந்து என்று நம்மில் சிலர் நினைக்கிறார்கள். விலை கூடிய பெட்டிக்குத்தான் சக்தி அதிகம் என்று நம்புகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறு.

நம் பிள்ளைகளுக்கும் இதில் இடம் உண்டு

நாட்டின் எல்லா இன்சுலினும் ஜொகூரிலிருந்து வருவதில்லை. ஆனாலும் அங்கே செய்யப்படும் இன்சுலின் அமெரிக்கா வரை போகிறது. அங்கே தயாரான கிளார்ஜின் வகை இன்சுலினை, மருந்தகத்தில் அசல் மருந்துக்குப் பதிலாகவே கொடுக்கலாம் என்று 2021 ஜூலை மாதத்தில் அமெரிக்கா ஏற்றுக்கொண்டது. இன்சுலினில் அந்தத் தகுதியைப் பெற்ற முதல் மருந்து அதுதான். அதே ஜொகூரின் ஸ்கூடாயில், மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் சவ்வுத் தொழில்நுட்பத்துக்கென்றே தனி ஆய்வு மையம் வைத்திருக்கிறது.

இத்துறை இன்னும் வளரும். இரசாயன முறையில் பெப்டைடு செய்யும்போது ஒவ்வொரு அமினோ அமிலத்தைச் சேர்த்த பிறகும் கரைப்பானால் கழுவ வேண்டும். கழிவு மலை போல் சேரும். அதைக் குறைக்க, நொதிகளால் சரங்களை இணைப்பதையும், வளரும் சரத்தைச் சவ்வில் நிறுத்தி மிச்சத்தை வெளியேற்றுவதையும் ஆலைகள் நாடுகின்றன. நொதியையும் சவ்வையும் இயக்கத் தெரிந்த பொறியாளர்களும் ஆய்வக உதவியாளர்களும் தேவை. எஸ்.பி.எம். தேர்வில் வேதியியலும் கூடுதல் கணிதமும் எடுக்கத் தயங்கும் பிள்ளையிடம், "உன் பாட்டியின் ஊசி மருந்து இப்படித்தான் வருகிறது" என்று சொல்லிப் பாருங்கள். பாடப் புத்தகத்தில் உள்ள நொதி அன்றைக்கு வேறு மாதிரி தெரியும்.

அந்த அம்மாவுக்கு நடந்தது

கேள்வி கேட்ட அம்மாவை மூன்று மாதம் கழித்துக் கோயிலில் பார்த்தேன். காலில் கட்டு. இரண்டு பெட்டி வாங்கியிருக்கிறார். பானம் குடிக்கும்போது ஊசி எதற்கு என்று அவராகவே நிறுத்திவிட்டார். செருப்பு கடித்த சிறு புண் ஆறவில்லை. அரசாங்க மருத்துவமனையில் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள்.

"நான்தான் தம்பி கேட்டேன். அவங்க வேணாம்னு சொல்லலியே" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மண்டபத்தில் நானும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து "ஊசியை நிறுத்தாதீங்கம்மா, முதல்ல கிளினிக்குல கேளுங்க" என்று சொல்ல எனக்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அடுத்த முறை உங்கள் தாமான் மண்டபத்தில் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால், தயவு செய்து நீங்கள் எழுந்து சொல்லுங்கள்.